ஆணி துளைத்த டப்பாக்களும் ஓர் அமெரிக்க விருந்தும்

இந்நிகழ்ச்சியை நான் எழுதி வைக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. அன்று அவ்விடத்தில் கூடியிருந்தோர் பலர். ஆயினும் அமெரிக்கர் பேசிய ஆங்கிலத்தையும் தோட்டத்து மக்கள் பேசிய தமிழையும் ஒருங்கே விளங்கிக்கொண்டவன் நான் ஒருவனே. மற்றவர்கள் பாதியைக் கேட்டுச் சிரித்தார்கள். மறுபாதியை என் முகத்தைப் பார்த்து ஊகித்துக்கொண்டார்கள். அவர்களுள் பெரும்பாலோர் இன்று நம்மிடையே இல்லை.

அண்மையில் சிரம்பானை அடுத்த அம்பாங்கானில் ஒரு கடையின் முன் நின்றேன். மாவில் தோய்த்துக் குச்சியில் பொரித்த, சாசேஜ் எனப்படும் இறைச்சிக்குழலை விற்றுக்கொண்டிருந்த இளைஞர், "இது புதுசு அங்கிள். அமெரிக்கா ஐட்டம். இப்பதான் நம்ம பக்கம் வந்திருக்கு லா" என்று பெருமையுடன் நீட்டினார். அவருடைய உற்சாகத்தைக் குலைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அப்பண்டம் இம்மாநிலத்து மண்ணில் முதன்முதலாகப் பொரிக்கப்பட்ட நாள் என்று நான் நம்புகிற ஒரு நாளில், அடுப்புக்கு அருகிலேயே நான் நின்றிருந்தேன். அதைச் சொல்லாமல் போவது முறையன்று.

நம் மலாய் நாடு விடுதலை பெறுவதற்குச் சற்று முந்திய ஆண்டுகள் அவை. அவசரகாலம் நடப்பில் இருந்தது. சிரம்பானிலிருந்து போர்டிக்சன் செல்லும் நெடுஞ்சாலையினின்று பிரிந்து உட்செல்லும் செம்மண் பாதையின் முடிவில் இருந்த இரப்பர்த் தோட்டத்தில், தமிழ்ப்பள்ளி ஆசிரியனாக நான் பணியேற்று நெடுநாள் ஆகியிருக்கவில்லை. சிரம்பானில் சில ஆண்டுகள் ஆங்கிலமும் பயின்றிருந்தமையால், தோட்டத்து எழுத்தரான கிராணியார் விடுப்பில் செல்லும்போதெல்லாம் மொழிபெயர்க்கும் வேலை என் தலையில் விழும்.

அக்காலத் தோட்டத்தின் அமைப்பை இன்றைய வாசகர்க்குச் சிறிது விளக்க வேண்டும். முன்னர் மரங்களுக்கிடையே சிதறிக் கிடந்த தொழிலாளர் குடியிருப்புகளை ஓரிடத்திற்குக் கொணர்ந்து, சுற்றிலும் முள்வேலி போட்டு, ஒரே ஒரு வாயில் வைத்திருந்தார்கள். மாலை ஆறு மணிக்கு அது மூடப்பட்டால் விடியும்வரை திறவாது. காலையில் மரம் வெட்டச் செல்லும், அதாவது பட்டையைக் கீறிப் பால் எடுக்கச் செல்லும், ஆணையும் பெண்ணையும் வாயிற்காவலர் சோதித்தே அனுப்புவர். ஒரு கைப்பிடிச் சோறும் வேலியைத் தாண்டக் கூடாது. ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் காட்டிலிருந்து போராடிய பொதுவுடைமையாளர்களுக்கு உணவு கிட்டாமல் செய்வதே இதன் நோக்கம். கடைக்காரருக்கும் ஒரு கட்டளை இருந்தது. கடையை விட்டுப் போகும் ஒவ்வொரு டப்பாவையும் அவர் தம் கையால் துளைத்தே கொடுக்க வேண்டும். துளை விழுந்த டப்பாவில் உள்ளது நம் நாட்டு வெப்பத்தில் மறுநாளைக்குத் தாங்காது. ஆகவே எவரும் பதுக்கி வைத்துக் காட்டுக்குக் கடத்த இயலாது.

அந்நாளில்தான் அமெரிக்கர் ஒருவர் வந்து சேர்ந்தார். கடல் கடந்து அனுப்பப்படும் இரப்பர்ப்பால் கெட்டுப்போகாமல் காக்கும் முறையை ஆராய்வதற்காக, பாலை வாங்கும் தொழிலகம் அவரை அனுப்பியிருந்தது. நெடிய உருவம், எப்போதும் வியர்த்துக்கொண்டே இருப்பார், எல்லோருக்கும் தாமே முந்திக்கொண்டு வணக்கம் சொல்வார். வேலிக்கு வெளியே, மேட்டின் மேல் இருந்த விருந்தினர் பங்களாவில் தங்கியிருந்தார். மக்கள் அவரை 'அமெரிக்கத் தொரை' என்றார்கள்.

ஒரு நாள் பள்ளி முடிந்து, சவர்க்காரம் வாங்குவதற்காகத் தோட்டத்து மளிகைக் கடைக்குச் சென்றேன். கடைக்காரர் நடுத்தர வயதினர். அச்சமும் நேர்மையும் சம அளவில் கலந்த மனிதர். ஒரு கையில் சுத்தியலும் மறு கையில் நீண்ட ஆணியுமாகத் தரையில் அமர்ந்திருந்தார். அவரைச் சுற்றிலும் டப்பாக்கள்.

"வாத்தியாரே, உள்ள வாங்க. கதவச் சாத்துங்க. நான் தொலைஞ்சேன்."

"என்ன நேர்ந்தது?"

"சட்டத்த மதிச்சேன் லா. அதான் நேர்ந்துச்சு."

செய்தி இதுதான். அமெரிக்கர் தம் உணவுக்கென வரவழைத்திருந்த ஒரு முழுப் பெட்டி இறைச்சிக்குழல் டப்பாக்கள் அன்று காலை சுமையுந்தில் வந்து கடையில் இறங்கின. பங்களா வேலிக்கு வெளியே இருக்கிறது. வேலிக்கு வெளியே போகும் டப்பா துளைக்கப்பட வேண்டும். ஆகவே கடைக்காரர் பெட்டியைப் பிரித்து, ஒன்றையும் விடாமல் எல்லாவற்றிலும் ஆணி இறக்கிவிட்டார். நாள்தோறும் ஒன்றிரண்டாகத் துளைத்து மேட்டுக்கு அனுப்ப வேண்டும் என்பதே ஏற்பாடு என்பதைப் பங்களாச் சமையற்காரர் வந்து தலையில் அடித்துக்கொண்ட பிறகுதான் அவர் அறிந்தார்.

"ரொம்ப நாளைக்கு வெச்சுத் திங்க வேண்டியத இன்னிக்கே ஓட்ட போட்டுட்டியே, நீயெல்லாம் ஒரு கடைக்காரனான்னு கேட்டுட்டுப் போறான் குசினிக்காரன். பெரிய தொரை காதுக்குப் போனா லைசென்சு போச்சு. இந்தக் கடைக்குப் பின்னாடி அறையிலதானே குடும்பமே கெடக்கு? நான் பொண்டாட்டி பிள்ளைங்கள கூட்டிக்கிட்டு எங்க போவேன்?"

அவர் மிகைப்படுத்தவில்லை. பெரிய துரை எனப்பட்ட ஆங்கிலேய நிர்வாகி உணவுக் கட்டுப்பாட்டில் சிறு பிழையையும் பொறுக்காதவர். அதிலும் இது அவருடைய விருந்தாளியின் பொருள். பக்கத்துத் தோட்டத்தில் இதைவிடச் சிறிய குற்றத்திற்காக ஒரு கடை இழுத்து மூடப்பட்டிருந்தது. நற்பேறாக அவர் அன்று பாதுகாப்புக் கூட்டத்திற்காகச் சிரம்பான் சென்றிருந்தார், மாலைக்குள் திரும்பிவிடுவார்.

"அதுக்குள்ள அமெரிக்கத் தொரைய பாத்துச் சொல்லிடணும். நீங்கதான் இங்கிலீசுல பேசணும். கொஞ்சம் அழுவுற மாதிரிப் பேசுங்க."

இரப்பர்ப்பாலைச் சேர்க்கும் பாற்கூடத்தில் அமெரிக்கர் தொட்டியின்மேல் குனிந்திருந்தார். வழியெல்லாம் நான் மனத்துள் ஒரு முன்னுரையைத் தயாரித்துக்கொண்டே வந்திருந்தேன். அவசரகாலச் சட்டத்தின் தோற்றம், அதன் உட்பிரிவுகள், கடைக்காரரின் நற்பண்பு ஆகியவற்றை முறையாக எடுத்துரைத்து, இறுதியில் ஆணியை அடைவதாக என் திட்டம். நற்பண்பைப் பாதி தாண்டும்போதே கடைக்காரர் என் சட்டையை இழுத்தார்.

"வாத்தியாரே, ஆணி வந்துச்சா?"

"இன்னும் இல்லை."

"சீக்கிரம் அடிங்க. அவரு தூங்கிடுவாரு போலிருக்கு."

ஆணியைச் சொன்னேன். அமெரிக்கர் கடைக்காரரைப் பார்த்தார். அவர் கையில் இன்னமும் இருந்த சுத்தியலைப் பார்த்தார். "எல்லாவற்றையுமா?" என்று கேட்டார். "எல்லாவற்றையும்" என்றேன். தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு அவர் சிரித்த சிரிப்பில் பால் ஊற்றிக்கொண்டிருந்த பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரரோ, வெள்ளையர்கள் சினம் மிகுந்தால் இவ்வாறுதான் செய்வார்கள் போலும் என்று எண்ணிக் கைகூப்பி நின்றார்.

"அவரிடம் சொல்லுங்கள். எனக்கு ஒரு நாளும் இப்படி ஒரு சாக்குக் கிடைத்ததில்லை. இன்று தோட்டத்துக்கே விருந்து வைத்துவிடுவோம்" என்றார் அமெரிக்கர்.

நான் மொழிபெயர்த்தேன். கடைக்காரர் நம்பவில்லை. "சரியாக் கேட்டீங்களா?" என்று என்னிடம் இருமுறை உசாவினார்.

கடைக்கு அடுத்த மரத்தடியில், காலையில் மரம் வெட்டி மாலையில் பஜ்ஜி சுடும் அம்மையார் ஒருவர் இருந்தார். 'பஜ்ஜி அக்கா' என்றால் அனைவரும் அறிவர். கணீரென்ற குரல், எவருக்கும் அஞ்சாத நாக்கு. கடையிலிருந்து டப்பாக்களுடன் வந்த அமெரிக்கர், அக்காவின் மாவுச் சட்டியைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார். கடலை மாவின் மஞ்சள் நிறத்தைச் சோளமாவு என்றே அவர் கருதிவிட்டார். ஒரு வாழைக்காய்த் துண்டு மாவில் முழுகி, எண்ணெயில் விழுந்து, பொன்னிறமாக எழுவதைக் குழந்தையைப்போலக் கைகொட்டிப் பார்த்தார். தம் மாநிலத்துச் சந்தைகளில் இறைச்சிக்குழலைக் குச்சியில் குத்திச் சோளமாவில் தோய்த்து இதே போன்று பொரித்துத் தருவார்கள் என்றும், மக்கள் அதைக் கையிற்பிடித்துக்கொண்டே நடந்து தின்பார்கள் என்றும் சொன்னார்.

"அட, அப்ப அது பஜ்ஜிதானே? இத எடுத்துக்கிட்டு வர்றதுக்கா கப்பல் ஏறுனாரு?" என்றார் அக்கா.

குச்சிக்கு என்ன செய்வது என்ற வினா எழுந்தது. வாயிற்காவலுக்கு இருந்த மலாய்க் காவலர் ஓய்வு நேரத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றார். தோட்டத்தின் அருகிலேயே வளர்ந்தவராதலால் நம் தமிழை நம்மைப்போலவே பேசுவார். தம் மனைவி சாத்தே என்னும் குச்சிக்கறி சுடுவதற்காகச் சீவி வைத்திருந்த குச்சிக் கட்டை ஓடிப்போய் எடுத்து வந்தார்.

எண்ணெய் காயும் வரையில் அமெரிக்கர் ஒரு மண்ணெண்ணெய்ப் பெட்டியின் மேல் அமர்ந்து, தம் நாட்டுத் தெருவோர உணவுகளின் பிறப்பு வரலாறுகளைக் கூறலானார். வெட்டு முடிந்து குளித்துவிட்டு வந்த மக்கள் சூழ்ந்துகொண்டனர். நான் இடையில் நின்று மொழிபெயர்த்தேன்.

இறைச்சிக்குழலைச் செருமானியக் குடியேறிகள் கொண்டுவந்தார்களாம். சூடாக இருந்தமையால் வாங்குவோர் கை சுட்டது. ஒரு வணிகர் ஆளுக்கொரு வெள்ளைக் கையுறையை இரவல் தந்தார். தின்று முடித்தவர்கள் கையுறையோடு போய்விட்டார்கள். நட்டம் தாங்காமல் பிளந்த ரொட்டியில் வைத்துக் கொடுக்கத் தொடங்கினார். இக்கதையை அறிஞர் பலர் ஏற்பதில்லை எனப் பிற்காலத்தில் படித்தேன். ஆயினும் அன்று அதைக் கேட்ட கூட்டம் முழுமையாக நம்பிற்று.

"கையுறையத் தூக்கிட்டுப் போயிட்டானுங்களா? நம்ம ஆளுங்கதான் போலிருக்கு!" என்று ஒருவர் கூவ, சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று.

நியூ ஆர்லியன்ஸ் என்னும் நகரில் நீண்ட ரொட்டியில் கறி வைத்து விற்கும் வழக்கத்தைப் பற்றியும் சொன்னார். டிராம் வண்டித் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, முன்னாளில் அதே வேலை பார்த்த கடைக்காரச் சகோதரர் இருவர் அவர்களுக்கு அதை இலவசமாகக் கொடுத்தார்களாம். அருகில் காவலர் நிற்பதை எண்ணி, "தொழிலாளர்கள் சில நாள் வேலைக்குச் செல்லாதிருந்தபோது" என்று நான் மென்மையாக்கிச் சொன்னேன்.

"சில நாள் வேலைக்குச் செல்லாம என்னா, காய்ச்சலா? ஸ்டிரைக்குன்னு சொல்லுங்க வாத்தியாரே!" என்றார் அக்கா. காவலர் வானத்தைப் பார்த்துக்கொண்டு, "எனக்குக் காது கேக்கல அக்கா" என்றார்.

அடுத்து மிசிசிப்பி ஆற்றோரப் பருத்திக் காடுகளைப் பற்றிக் கூறினார். மெக்சிகோவிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் சோளமாவுக்குள் கறியை வைத்து, சோளத் தோகையில் சுற்றி அவித்துக் கட்டிக்கொண்டு போவார்களாம். நண்பகலில் பிரித்தாலும் சூடு இருக்கும். உடன் உழைத்த கறுப்பின மக்கள் அதைக் கற்றுத் தங்கள் உணவாக்கிக்கொண்டார்கள். இப்போது தெருவில் வண்டி வைத்தும் விற்கிறார்கள். இதனை நான் சொல்லி முடித்ததும் அக்கா கரண்டியை நிறுத்தினார்.

"அப்ப அங்க காட்டுக்குச் சோறு கொண்டு போக விடுறாங்களா?"

அமெரிக்கருக்கு இதை மொழிபெயர்த்தேன். அவர் வேலியைப் பார்த்தார். வெறும் வயிற்றோடு மரத்துக்குப் போய் வந்த கூட்டத்தின் நடுவில் அமர்ந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். எழுந்து, "எண்ணெய் காய்ந்துவிட்டது" என்று மட்டும் சொன்னார்.

முதல் டப்பா திறக்கப்பட்டது. கடைக்காரர் முகத்தில் அன்று முதன்முறையாக இரத்தம் ஊறிற்று. அப்போது காவலர் தலையைச் சொறிந்துகொண்டு மெல்லக் கேட்டார்: "வாத்தியாரே, தப்பா எடுத்துக்காதீங்க. இதுல பாபி இருக்கா?"

பன்றி இறைச்சி உண்டா என்பதே அவர் வினா. "மாடும் இருக்கான்னு கேளுங்க" என்றார் அக்கா. நான் கேட்டேன். அமெரிக்கர் முகம் பெருமையால் மலர்ந்தது. தம் ஊரின் மிகச் சிறந்த வகை இது என்றும், பன்றியையும் மாட்டையும் சரிபாதியாகக் கலந்து செய்தது என்றும் முழங்கினார்.

மொழிபெயர்த்துச் சொல்ல என் நா எழவில்லை. சொல்லித்தானே ஆக வேண்டும்? சொன்னேன்.

"நல்ல காரியம் செஞ்சான் போ!" என்று அக்கா இடுப்பில் கைவைத்தார். "அவுங்களும் திங்க முடியாம, நாமளும் திங்க முடியாம, ரெண்டையும் சேத்துல்ல அரைச்சிருக்கான்! பாத்துப் பாத்துச் செஞ்சிருக்கான்யா!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. காவலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரிக்காதவர் இருவர். கடைக்காரர் மீண்டும் வெளுத்துப்போனார்: தின்ன ஆளில்லாமல் இத்தனை டப்பாக்களும் நாற்றமெடுத்து, பெரிய துரையின் மூக்கு வரை சென்று தம்மைக் காட்டிக்கொடுக்கும் என்பது அவர் அச்சம். மற்றவர் அமெரிக்கர். எல்லோரும் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்று என்னைக் கேட்டார். இயன்றவரை புண்படாமல் விளக்கினேன். கையிலிருந்த குச்சியைத் தாழ்த்திவிட்டு, "அப்படியானால் என் விருந்தை உண்ணக்கூடியவர் இங்கே எவருமே இல்லையா?" என்றார். அந்தக் குரலில் இருந்த ஏமாற்றம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அவ்வேளையில் எதிரே இரப்பர்த் தகடுகளை உலர்த்தும் புகைக்கூடத்தின் கூரையைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த சீனத் தச்சர்கள், மேலிருந்து கையை ஆட்டினார்கள். என்ன பேச்சென்று அவர்களுக்குப் புரிந்ததோ இல்லையோ, மணம் புரிந்துவிட்டது. கூரையில் இருந்தோர் அனைவரும் இறங்கி வந்தார்கள். கடைக்காரர் ஓடிச்சென்று அவர்களைக் கையைப் பிடித்து அழைத்து வந்த பாங்கு, மணமகன் வீட்டாரை எதிர்கொண்டது போன்றிருந்தது.

அக்கா உடனே ஒரு விதி வகுத்தார். "என் சட்டியில அது விழக் கூடாது. மாவு வேணும்னா தரேன். மாவு கொண்டு போற ஏனத்தத் திருப்பித் தர வேணாம்."

ஆகவே இரண்டு அடுப்புகள் எரிந்தன. தச்சர்கள் தங்கள் இரும்புச் சட்டியைக் கொணர்ந்து சற்றுத் தள்ளிக் கல் கூட்டினார்கள். அங்கே அமெரிக்கர் வியர்வை சொட்டச் சொட்ட இறைச்சிக்குழல்களைக் கடலை மாவில் தோய்த்துப் பொரித்தார். தச்சர்கள் குந்தி அமர்ந்து ஆளுக்கு இரண்டு கைகளிலும் பிடித்துத் தின்றார்கள். இப்பக்கம் அக்கா, அவித்த மரவள்ளிக்கிழங்கை மிளகாயும் கறிவேப்பிலையும் உப்பும் சேர்த்துப் பிசைந்தார். அதைக் குச்சியைச் சுற்றி விரல் போல நீளமாக அப்பி, மாவில் தோய்த்து எண்ணெயில் விட்டார். வெளியே எடுத்தபோது இரண்டு அடுப்பின் பண்டங்களுக்கும் வேற்றுமை காண இயலவில்லை.

"ஜப்பான்காரன் காலத்துல இந்தக் கெழங்கத் தின்னுதான் உசுரோட இருந்தோம். இன்னிக்குப் பாரு, குச்சி வெச்சுச் சட்டை போட்டுக்கிட்டு நிக்குது" என்றபடி முதற்குச்சியைக் காவலரிடம் கொடுத்தார். காவலர் கண்ணை மூடிக்கொண்டு தின்று, இரண்டாவதற்குக் கை நீட்டினார்.

அமெரிக்கரும் இப்பக்கம் வந்தார். தம் கையைச் சாம்பலிட்டுக் கழுவிக்கொண்டு வந்தார் என்பதை நான் குறிப்பிட்டே ஆக வேண்டும். எவரும் அவரிடம் அவ்வாறு செய்யச் சொல்லவில்லை. அக்கா தந்த மரவள்ளிக் குச்சியைக் கடித்தார், மிளகாய் ஏறிக் கண்ணீர் வழிந்தது, "இன்னொன்று" என்றார்.

ஆட்டமும் பாட்டுமாகக் களம் கலகலத்துக்கொண்டிருந்த அந்நேரத்தில்தான் கவச வண்டி வாயிலில் நுழைந்தது. பெரிய துரை இறங்கினார். அக்காலத்தில் மக்கள் இத்தனை பேர் ஒன்றுகூடுவதே ஐயத்திற்குரியது. அதிலும் நெருப்பு, உணவு, காவலர் கையில் பாதி கடித்த குச்சி. பாட்டு பாதியில் நின்றது. அவர் நேரே வந்து, தரையிலிருந்த ஒரு டப்பாவைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு இன்னொன்று, பிறகு இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஆணித் துளை.

"இவற்றை ஒரே நாளில் துளைத்தது யார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

கடைக்காரர் என் முதுகுக்குப் பின்னால் ஒடுங்கினார். "என்னா கேக்குறாரு? கடை இருக்கா போச்சா?" என்ற அவருடைய மூச்சு என் பிடரியில் சுட்டது. நான் வாய் திறக்குமுன் அமெரிக்கர் முன்னே வந்தார்.

"நான்தான் துளைக்கச் சொன்னேன். இன்று என் விருந்து. எல்லாம் இன்றைக்கே தேவைப்பட்டது."

"ஆணியாலா?"

"டப்பா திறப்பான் கொண்டுவர மறந்துவிட்டேன். உங்கள் கடைக்காரர் உதவினார். சட்டத்தையும் எனக்கு அவர்தான் எடுத்துரைத்தார். மிகவும் கண்டிப்பான மனிதர்."

பெரிய துரை, கடைக்காரரின் கையில் அப்போதும் இருந்த சுத்தியலை நெடுநேரம் பார்த்தார். அவர் அறிவிலி அல்லர். உண்மை அவருக்குப் புரிந்திருக்கும் என்றே நான் எண்ணுகிறேன். அந்த இடைவெளியில் அக்கா ஒரு செயல் செய்தார். புதிதாகப் பொரிந்த மரவள்ளிக் குச்சியொன்றை எடுத்து, நேரே போய், துரையின் முகத்துக்கெதிரே நீட்டினார். "தின்னுங்க தொரை. ஆறிட்டா நல்லா இருக்காது."

தோட்டத்தில் எவரும் அவ்வாறு செய்து நான் கண்டதில்லை. துரை வாங்கினார். கடித்தார். மென்றார். நாங்கள் அனைவரும் அவருடைய தாடையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"இதற்குத் தொட்டுக்கொள்ள ஏதேனும் உண்டா?" என்றார்.

நான் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சட்னிச் சட்டி அவர்முன் வந்துவிட்டது. இரண்டாம் குச்சிக்குப் பிறகு அவர் ஒரே ஒரு கட்டளை இட்டார்: வாயில் மூடுமுன் எல்லாம் தின்று முடிக்கப்பட வேண்டும், ஒரு துண்டும் வேலியைத் தாண்டக் கூடாது. அவசரகாலத்தில் மக்கள் இவ்வளவு மகிழ்ச்சியோடு கீழ்ப்படிந்த ஆணை வேறொன்று இருந்திருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை. வண்டி போனதும் கடைக்காரர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் செஞ்ச தப்புக்கு அவரு ஏன் பொய் சொன்னாருன்னு கேளுங்க வாத்தியாரே."

கேட்டேன். அமெரிக்கர் குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "எதில் பொய்? டப்பாவும் என்னுடையது, விருந்தும் என்னுடையது. இவர் எனக்கு முன்பே ஆரம்பித்துவிட்டார், அவ்வளவுதான்" என்றார். கடைக்காரர் அவருடைய இரு கைகளையும் பற்றிக் கண்களில் ஒற்றிக்கொண்டார். பிறகு கடைக்குள் ஓடிப்போய், இருந்த உருளைக்கிழங்கையெல்லாம் வாரிக்கொண்டு வந்து அக்காவின் முன் கொட்டினார். அந்த மாலையில் தோட்டத்தில் எவர் வீட்டிலும் அடுப்பு மூட்டவில்லை.

அமெரிக்கர் சில வாரங்களில் புறப்பட்டுப் போனார். அதன்பின் நான் அவரைக் கண்டதில்லை. அக்கா 'குச்சி பஜ்ஜி' என்ற பெயரில் அதை நாள்தோறும் சுடலானார். கட்டுப்பாடுகள் தளர்ந்தபின் நெடுஞ்சாலைப் பேருந்து நிறுத்தத்தில் கடை போட்டார். போர்டிக்சன் கடற்கரைக்குப் போகிறவர்கள் இறங்கி வாங்கிச் செல்வார்கள். கடைக்காரர் அத்தோட்டத்திலேயே கடை நடத்தித் தம் மகள்களுக்கு மணம் முடித்தார்.

உணவுகளின் தோற்றத்தைப் பற்றி நூல்களில் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு நிறைவு உண்டாகிறது. எந்நாட்டு உணவாயினும், அதன் பிறப்பில் யாரோ ஒருவருடைய தடுமாற்றமும் இன்னொருவருடைய பெருந்தன்மையும் இருந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். அன்று அங்கிருந்தோரில் மிகப் பலர் அமெரிக்கர் கொணர்ந்த பண்டத்தில் ஒரு துணுக்கைக்கூட உண்ணவில்லை. ஆயினும் அது அவருடைய விருந்துதான் என்பதில் எவருக்கும் ஐயம் எழவில்லை. ஒருவர் தருவதை நாம் உண்ண இயலாதபோதும் அவரோடு கூடி அமர்ந்து உண்ணலாம் என்பதை இந்த முதுமையிலும் என் வாழ்வின் நெறியாகக் கொண்டிருக்கிறேன்.

இவை யாவும் நினைவிலிருந்து எழுதப்பட்டவை. அக்காலத்தில் அப்பகுதித் தோட்டங்களில் வாழ்ந்தோரோ அவர்தம் வழிவந்தோரோ இதில் பிழை காண்பாராயின், குறிப்பாக இதற்கு முன்பே வேறெங்கேனும் குச்சி பஜ்ஜி சுடப்பட்டதை அறிவாராயின், அன்புகூர்ந்து தெரிவித்துத் திருத்துமாறு வேண்டுகிறேன்.